புது லிவர் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அப்பா ஏன் இப்படி இருக்கிறார்?

ஒரு மகளின் கேள்வி, சுருக்கமாக: "அப்பாவுக்கு 52 வயது. குடியால் வந்த சிரோசிஸ். நான்கு மாதத்துக்கு முன்னால் சென்னையில் லிவர் டிரான்ஸ்பிளான்ட் செய்தோம், அம்மாதான் டோனர். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஆனால் அப்பா ராத்திரி தூங்குவதில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார், தனியாக உட்கார்ந்து அழுகிறார், போன வாரம் 'என்னை அப்படியே விட்டிருக்கலாம்' என்றார். சொந்தக்காரர்கள் 'மறுபிறவி கிடைச்ச மனுஷனுக்கு என்ன குறை' என்கிறார்கள். மனநல டாக்டரிடம் கூட்டிப் போகலாமா? அந்த மாத்திரைகள் புது லிவரைக் கெடுத்துவிடாதா?"

கூட்டிப் போகலாம், கூட்டித்தான் போக வேண்டும். சரியான மாத்திரையை, சரியான அளவில், லிவர் டீமுக்குத் தெரிந்து கொடுத்தால் புது லிவர் கெட்டுப்போகாது. மனசு விட்டுப்போய், யாருக்கும் தெரியாமல் லிவருக்கான மாத்திரையை நிறுத்தியதால் கெட்டுப்போன லிவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு கல்லீரல் மாற்று சிகிச்சைப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பல குடும்பங்கள் என் எதிரே உட்கார்ந்து, பெரும்பாலும் நோயாளி ரத்தம் கொடுக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, தணிந்த குரலில் சொல்வார்கள். டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். டாக்டர் காய்ச்சல் இருக்கிறதா, மோஷன் சரியாகப் போகிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்பார், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் "என்னை அப்படியே விட்டிருக்கலாம்" என்ற அந்த வார்த்தை. அதை அலுப்பில் சொன்னதாக எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே, யாரும் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அப்பா, செத்துப்போகணும்னு தோணுதா? ஏதாவது பண்ணிக்கணும்னு நினைச்சீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பி விட்டதாகிவிடுமோ என்று பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்டதே ஆறுதல் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். "ஆமாம்" என்றாலோ, எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தாலோ அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்கு. வீட்டில் தோட்டத்துப் பூச்சிமருந்து, பழைய தூக்க மாத்திரை எது இருந்தாலும் அப்புறப்படுத்துங்கள். லிவர் மாற்று செய்தவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, வெளியில் யாருக்கும் தெரியாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது. அதுவும் ஒரு தற்கொலை வழிதான். எனவே கொஞ்ச நாளைக்கு மாத்திரையை அவர் கையில் பெட்டியோடு கொடுக்காமல் வேளைக்கு வேளை நீங்களோ அம்மாவோ எடுத்துக் கொடுங்கள்.

சரி, இப்போது காரணங்கள். அப்பாவின் குணம் மாறியது மனசால் மட்டும் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்க டாக்ரோலிமஸ் என்ற மாத்திரையைக் காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் சாப்பிடுகிறாரே, அதன் அளவு ரத்தத்தில் கூடினால் கை நடுங்கும், தலைவலி வரும், தூக்கம் போகும், காரணமே இல்லாமல் பதற்றமாக இருக்கும். சிலருக்கு அதற்கும் மேலே போய்க் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, பேச்சே நின்றுபோவது வரைக்கும் போகலாம். காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிறாரா, பட்டன் போடத் திணறுகிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் டாக்டரிடம் முதல் வரியாகவே அதைச் சொல்லுங்கள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால்கூட இந்த லெவல் ஏறும். சளிக்கு என்று பக்கத்து கிளினிக்கில் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் மாத்திரை, பம்பளிமாஸ் பழம் இவையும் ஏற்றிவிடும். லெவல் டெஸ்டுக்குப் போகிற காலையில் மாத்திரையைச் சாப்பிடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். இதை மறந்து காலையிலேயே போட்டுக்கொண்டு போய், வந்த தப்பான எண்ணை வைத்துக் குழம்புகிற குடும்பங்கள் நிறைய.

அடுத்தது ஸ்டீராய்டு. ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் அதிகமாகக் கொடுத்து, பிறகு மாதக் கணக்கில் குறைத்துக்கொண்டே வருவார்கள். அதிகமாக இருக்கும்போது சிலர் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குவார்கள், நிறையப் பேசுவார்கள், சட்டென்று கோபம் வரும். வீட்டில் "ஆள் சுறுசுறுப்பாயிட்டார்" என்று சந்தோஷப்படுவார்கள். குறைக்கும்போது அப்படியே சரிந்து சோர்ந்துபோவார்கள். உங்கள் அப்பாவுக்கு இந்த நான்கு மாதத்தில் ஸ்டீராய்டு எந்தத் தேதியில் குறைந்தது, கோபமும் அழுகையும் எந்த வாரத்தில் தொடங்கியது என்று இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும். இதோடு சோடியம், மெக்னீசியம், சர்க்கரை, கிட்னி, ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கும் தொற்றுகூட ஆளை மந்தமாக்கும், அதனால் காய்ச்சல் இருக்கிறதா என்பதையும் விடாமல் பாருங்கள்.

இனி ஆபரேஷனுக்கு முந்தைய காலம். இதை நான் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களில் மனஸ்தாபத்தின் வேர் அங்கேதான் கிடக்கிறது. சிரோசிஸ் முற்றும்போது லிவர் சுத்தம் செய்ய வேண்டிய அம்மோனியா போன்ற கழிவுகள் மூளைக்குப் போய்விடும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு, சொன்னதையே சொல்வது, சம்பந்தமில்லாத சந்தேகம், அசிங்கமான வார்த்தை. மலச்சிக்கல் வந்தால் இது கூடும். அதற்காகத்தான் அந்த இனிப்பு சிரப்பை, லாக்டுலோஸை, தினமும் இரண்டு மூன்று தடவை மோஷன் போகிற அளவுக்குக் குடிக்கச் சொல்கிறோம். இது கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கும். ஒரு குடும்பத்தில் முதலில் கண்டுபிடித்தது பேங்க்தான். செக்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. வீட்டில் எல்லாரும் அவர் குடித்துவிட்டுப் போட்டார் என்று சண்டை போட்டார்கள். அந்த மனிதர் குடியை விட்டு மாதக் கணக்காகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் மனைவி தினமும் காலையில் ஒரு நோட்டில் தேதி போட்டு அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வார். கோடு கோணலாகிற அன்று சிரப்பைக் கூட்டி, எங்களுக்குப் போன் செய்வார். அந்த நோட்டைப் பார்த்தால் எந்த வாரம் மூளை மங்கியது, எந்த வாரம் தெளிந்தது என்று பக்கம் பக்கமாகத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மாதங்களில் உங்கள் அப்பா உங்கள் அம்மாவைச் சொன்ன வார்த்தைகள், உங்களை அடிக்கக் கை ஓங்கியது, இதெல்லாம் நடந்திருக்கலாம். அவருக்குப் பாதி ஞாபகம் இருக்காது. உங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். அவர் வாயில் இருந்து வந்த வார்த்தையை அவர் மனசில் இருந்து வந்ததாகவே இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கோ எதையோ செய்துவிட்டோம், என்ன என்று தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் பயம். அது மூளைக்கு வந்த நோய் என்று ஒரு தடவை, அம்மாவும் நீங்களும் அப்பாவும் சேர்ந்து இருக்கும்போது, லிவர் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் அப்பா நம்புவார்.

ஐசியூவும் அப்படித்தான். பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, தூக்கமில்லாத வெளிச்சம், மூச்சுக்குழாய், கட்டிப்போட்ட கை. பலருக்கு அங்கே சித்தப்பிரமை வருகிறது. நர்சுகள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது, செத்துப்போன தம்பி வந்து கூப்பிடுகிறான். வெளியே வந்த பிறகு இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயைத் திறப்பதில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த மானிட்டர் சத்தம் கேட்கும். ராத்திரி தூங்காமல் இருக்கிற உங்கள் அப்பா தூக்கம் வராமல் இருக்கிறாரா, தூங்கவே பயந்து இருக்கிறாரா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. "ஐசியூல ஏதாவது கண்டீங்களா, நிறையப் பேருக்கு அப்படி ஆகுமாம்" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் சொல்வார்.

இப்போது சொந்தக்காரர்கள் சொல்லும் அந்த மறுபிறவி. அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு அது வாயை அடைக்கிற வார்த்தை. 1998 நவம்பரில், டெல்லி அப்போலோவில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒன்றே முக்கால் வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்கு அவன் அப்பாவின் லிவரில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். அதுதான் இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் லிவர் மாற்று. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் இருந்த ஒரே கேள்வி பிழைப்பானா என்பது. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள், பலர் இருபது வருடம் அதற்கு மேலும் வாழ்கிறார்கள். அப்படியானால் அந்த இருபது வருடத்தை எந்த மனநிலையில் வாழப்போகிறார்கள் என்பதையும் மருத்துவம் கேட்டாக வேண்டும். உயிர் வந்ததே போதும் என்று நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் அப்பா நிலையில் இருந்து யோசியுங்கள். அவர் குடித்தார். அதனால் லிவர் போனது. அதற்காகத் தன் மனைவி வயிற்றைக் கிழித்துக்கொண்டாள். நிலத்தையோ நகையையோ விற்றிருப்பீர்கள், பிள்ளைகள் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ வைத்திருந்தது போயிருக்கும். இத்தனைக்குப் பிறகு "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல அவருக்கு எந்த மூஞ்சி இருக்கும் என்றுதான் அவர் நினைப்பார். வட்டிகூடக் கட்ட முடியாத கடனைத் தலையில் வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் வீட்டிலேயே குடியிருக்கிற நிலைமை அது. அம்மா சாதாரணமாக "சாப்பிடுங்க" என்று சொன்னாலும் அவருக்கு அது கணக்குக் கேட்பது போல இருக்கும். உடனே கத்துவார். கத்திவிட்டோமே என்று தனியாகப் போய் அழுவார். இதோடு வேலைக்குப் போக முடியவில்லை, மாஸ்க், தனித்தட்டு, கூட்டத்துக்குப் போகக்கூடாது, கோயில் தீர்த்தம் குடிக்கக்கூடாது, பேரன் பேத்திக்குச் சளி என்றால் தூக்கக்கூடாது. முகம் ஸ்டீராய்டில் உப்பியிருக்கும். தாம்பத்திய உறவு பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். (காயம் ஆறியபின் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தாராளமாக இருக்கலாம். ஆனால் இதை மகளாகிய நீங்கள் சொல்ல முடியாது, டாக்டர் சொல்ல வேண்டும். ரிவ்யூவின்போது அப்பா அம்மாவை மட்டும் உள்ளே விட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.)

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெற்றவர்களுக்குச் சுமை வேறு மாதிரி. 2008இல் தமிழ்நாட்டில் இந்த உறுப்பு தானத் திட்டம் தொடங்கியதற்குப் பிறகு எத்தனையோ பேர் அப்படிப் பிழைத்திருக்கிறார்கள். போன் எப்போது வரும் என்று காத்திருந்த நாட்களில், யாரோ சாக வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோமே என்ற நினைப்பு அவர்களை அரிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் போகாது. 2023 செப்டம்பரில் இருந்து உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கிறது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வோம், பெயர் ஊர் இல்லாமல், அனுப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று. எழுதி முடித்தவர்களுக்குக் கொஞ்சம் இறங்கும்.

குடியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் ஒரே ஒரு வார்த்தையில் கடந்துவிட்டீர்கள், எனக்குப் புரிகிறது. குடிநோயால் மாற்று செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில் மறுபடி தொட்டுவிடுகிறார் என்பது பல நாட்டு மருத்துவமனைகளின் அனுபவம். ஐந்தில் நாலு பேர் தொடுவதில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். லிவர் போனதால் குடிப்பழக்கம் போய்விட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். லிவரை மாற்றினோம், குடிக்கத் தூண்டுகிற மூளையை மாற்றவில்லை. நோயாளியாகப் படுத்திருந்த காலத்தில் ஆசையே வந்திருக்காது, உடம்பு தேறி, தெருமுனை வரை நடக்கத் தொடங்கி, கையில் காசும் பொழுதும் இருக்கும்போதுதான் வரும். நான்காவது மாதம் என்றால் இப்போதுதான். தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு மூன்றும் இருக்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எனவே மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பதே குடிக்குத் திரும்பாமல் இருக்கவும் உதவும்.

வீட்டில் பாக்கெட்டைத் துழாவுவது, வாயை மோந்து பார்ப்பது, "இன்னிக்கு எங்க போனீங்க" என்று விசாரணை வைப்பது வேண்டாம். அந்த வேலையை ரத்தப் பரிசோதனையிடம் விட்டுவிடுங்கள். பெத் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, முந்தைய இரண்டு முதல் நான்கு வாரத்தில் குடித்திருந்தால் காட்டும். அவர் சம்மதத்தோடு ரிவ்யூவில் எடுத்தால் அதுவே அவருக்குச் சாட்சி ஆகும், நெகட்டிவ் என்று வந்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு மச்சினன் கல்யாணத்துக்குத் தலை நிமிர்ந்து போனவர்கள் உண்டு. ஒருநாள் தப்பிவிட்டது என்றால் மறைக்காமல் எங்களிடம் வரச் சொல்லுங்கள். திட்டவோ துரத்தவோ மாட்டோம். முதல் தடவையிலேயே வந்தால் தடுத்துவிடலாம். சென்னையில் 1980இல் இருந்து டிடிகே மருத்துவமனை குடிநோய்க்கென்றே இருக்கிறது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழில் பல ஊர்களில் நடக்கின்றன. அங்கே மற்றவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். ஆனால் ஒன்று: குடியை நிறுத்த மருந்துக்கடையில் தாமாக வாங்கித் தருகிற, சில வீடுகளில் சாம்பாரில்கூடக் கலந்து கொடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரையை இவர் பக்கமே கொண்டு போகாதீர்கள். அது லிவரையே தாக்கக்கூடியது.

மாத்திரை பயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வுக்கான மருந்துகளில் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை மாற்று செய்தவர்களுக்குப் பல வருடங்களாகக் கொடுக்கப்பட்டு வருகின்றன. பசியும் தூக்கமும் போனவர்களுக்கு மிர்டாசபின் தருவதுண்டு, எடையும் சர்க்கரையும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். எஸ்சிட்டலோப்ராம் என்றால் ஒரு ஈசிஜி, பிளேட்லெட் குறைவாக இருந்தால் ரத்தக்கசிவு உண்டா என்று ஒரு கண், சோடியம் ஒரு தடவை. அவ்வளவுதான். வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று நிறுத்திவிடக்கூடாது, நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். இது பழக்கமாகி அடிமைப்படுத்தும் மாத்திரை கிடையாது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஃப்ளூவாக்ஸமின் டாக்ரோலிமஸ் லெவலை ஏற்றிவிடும். கார்பமசெபின் இறக்கிவிடும், லெவல் இறங்கினால் உடம்பு புது லிவரை எதிர்க்கத் தொடங்கும். டுலாக்ஸெட்டின் லிவர் நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகளை, அதுவும் குடிப்பழக்கம் இருந்தவருக்கு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது. "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்று ஆன்லைனில் மனச்சோர்வுக்கு விற்கிற செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டாக்ரோலிமஸைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். நம்மூர் சரக்கும் இதே கணக்குத்தான். மாமா கொண்டுவரும் கீழாநெல்லி, எதிர்ப்பு சக்திக்கு என்று வருகிற சீந்தில் பொடி எதுவும் வேண்டாம். இவருக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டக்கூடாது, அடக்கி வைக்கத்தான் இத்தனை மாத்திரை. சீந்தில் சாப்பிட்டு நல்ல லிவரே வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை கொரோனா காலத்தில் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டு மருந்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை, இந்த ஒரு உடம்புக்கு அது ஆபத்து.

அதனால் மனநல மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள், கடைசி லெவல் ரிப்போர்ட்டையும் வையுங்கள். அவர் எழுதித் தரும் சீட்டை போட்டோ எடுத்து லிவர் டீமின் கோஆர்டினேட்டருக்கு அனுப்பி, "இதைத் தொடங்கலாமா" என்று பதில் வாங்கிய பிறகு முதல் மாத்திரை. உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல மருத்துவர் இருப்பார், ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவையும் அம்மாவையும் அவர் பார்த்திருப்பார். அன்றைக்கு அது ஒரு கையெழுத்துக்காகச் செய்த சடங்கு மாதிரி உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவரிடமே திரும்பப் போவது நல்லது, பழைய பைல் இருக்கும். ஊர் தூரம் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மாத்திரை மட்டும் போதாது, பேசுவதற்கும் ஆள் வேண்டும், கவுன்சிலர் யார் என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும், முடியாது என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் அம்மா ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், "அம்மாதான் டோனர்" என்று. எனக்கு அங்கேதான் கவலை. ரிவ்யூ நாளில் ஹாலில் பார்த்தால் தெரியும். டோக்கன் நோயாளி பெயரில், பைல் நோயாளி பெயரில், நாற்காலி நோயாளிக்கு. லிவரில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு, ஆறாத தழும்பைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு, மாத்திரைப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நிற்கிற பெண்மணி அட்டெண்டர். இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்பு தருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான். மனைவி, அம்மா, மகள். சட்டம் அவர்களிடம் "சம்மதமா" என்று கேட்கிறது, 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி குழு முன்னால் உட்கார வைத்து, கேமரா வைத்தும் கேட்கிறார்கள். அந்த அறைக்கு வருவதற்கு முன்னால் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சைக் கேட்பதற்கு ஆள் இல்லை. நாங்கள் டோனரைத் தனியாகப் பார்க்கும்போது ஒன்று சொல்லிவிடுவோம்: இஷ்டமில்லை என்றால் எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டுக்குச் சொல்கிறோம், காரணம் வெளியே போகாது. அதைக் கேட்டவுடன் அழுகிற பெண்கள் உண்டு. அழுதுவிட்டு, இல்லை நான் மனசாரத்தான் தருகிறேன் என்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்து கொடுப்பது வேறு.

உங்கள் அம்மாவின் லிவர் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் வளர்ந்திருக்கும். அசதியும் தழும்பைச் சுற்றி மரத்துப்போனதும் அதற்கு மேலும் இருக்கும். தான் கொடுத்த லிவரோடு ஒருவர் தன்னையே திட்டும்போது அவர் மனசு என்ன பாடுபடும்? அந்த ஆள் மறுபடி குடித்துவிடுவாரோ என்ற பயம் யாருக்கு அதிகம்? அம்மாவுக்கும் அப்பாவுக்குக் கேட்ட அதே கேள்விகளைக் கேளுங்கள்: தூக்கம் வருகிறதா, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா, வருத்தமாகவே இருக்கிறதா. அம்மாவுக்கென்று தனி டோக்கன், தனி பைல், தனி நேரம் கேட்டு வாங்குங்கள். டோனருக்கும் பாலோ அப் உண்டு, அது அவர் உரிமை. வீட்டு வேலையில் ஒரு பங்கையாவது வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் அறிவுரை சொல்ல வரும்போது "சித்தி, வாரத்துக்கு ரெண்டு நாள் நீங்க வந்து சமைச்சுக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்களும் இதில் ஒரு ஆள்தான். அப்பா எப்போது கத்துவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு தூங்குகிற மகள்களை நான் நிறையப் பார்க்கிறேன். முடிந்தால் நீங்களும் ஒரு தடவை கவுன்சிலரிடம் தனியாகப் பேசுங்கள்.

இந்த வாரத்துக்குச் செய்ய வேண்டியது: நாளைக்குக் காலையில் கோஆர்டினேட்டருக்குப் போன் செய்து, "அப்பா சாவைப் பற்றிப் பேசுகிறார், தூக்கம் இல்லை, டாக்ரோ லெவல் பார்க்க வேண்டும், மனநல மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "கொஞ்சம் டல்லா இருக்கார்" என்று சொன்னால் அடுத்த மாதத் தேதிதான் கிடைக்கும். இன்றைக்கு ராத்திரியே அவர் மறுபடி அப்படிப் பேசினால் 14416 டெலிமானஸ் எண்ணுக்கு அழையுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், இலவசம். நீங்கள் அழைத்தாலும் போதும், அப்பாவே பேச வேண்டும் என்றில்லை. கையில் மாத்திரையோ மருந்தோ எடுத்துவிட்டார் என்றால் போன் பேசிக்கொண்டு நிற்காதீர்கள், 108க்குச் சொல்லிவிட்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், அங்கே முதல் வார்த்தையாக இவர் லிவர் மாற்று செய்தவர் என்று சொல்லுங்கள்.